கெலூமியில் ஒரு கிசுகிசு

மாப்பிள்ளை இன்னொரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

தேநீர்த் தட்டோடு நின்ற றிப்கா, தன்னைப் பெண் பார்க்க வந்தவரை ஓரக்கண்ணால் அளந்தாள். முப்பது வயது என்றார்கள். சாயம் பூசிய தலையையும் தொப்பையையும் பார்த்தால் ஐம்பதை நெருங்குவார் போலிருந்தது. வாப்பாவோ அவரைப் பக்கத்திலேயே இருத்தி, மிளகு விளைச்சலைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

வாய் திறக்க வழியில்லை. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் அவள் எழுதும் கதையைக் கேள்விப்பட்டுத்தான் முறிந்தன. இன்று அந்தப் பேச்சே எழக்கூடாது என்று வாப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அது புனைபெயரில் அவள் இணையத்தில் போடும் மாயாஜாலத் தொடர். ஏழு தீவு வியாபாரிகள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அவர்கள் பேரம் பேசவென்றே கெலூமி என்றொரு மொழியை உண்டாக்கியிருந்தாள். கப்பல் பலகையில் விரலை நனைத்து எழுதத் தோதாக, வளைவும் புள்ளியுமாய் அதற்கு எழுத்தும் இருந்தது.

வீட்டில் கெலூமி தெரிந்தவள் தங்கை ஆதிபா மட்டுமே. றிப்கா அவள் காதோரம் குனிந்தாள்.

"தொரு நெவில்."

'சரக்கு பழசு' என்று அர்த்தம்.

ஆதிபா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்கு ஓடினாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த மாப்பிள்ளையின் உம்மா றுஸைனா கோப்பையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மகள், ஆளைச் சொல்றதுன்னா 'தொருவ'ன்னுதானே வரணும்? நீங்க எழுதினதுதானே?"

றிப்கா தட்டை மேசையில் வைத்தாள். தொடரைப் படிப்பதே பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றே நினைத்திருந்தாள்.

மூன்றாவதும் போச்சு. வாப்பாவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

றுஸைனா கோபப்படவில்லை. தேநீரில் விரலைத் தொட்டு, கண்ணாடி மேசையில் நிதானமாக எழுதினார். பிழையில்லாத கெலூமி.

'இவர் படகோட்டி. உங்கள் வாப்பா இவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து இருத்திவிட்டார். என் மகன் இன்னும் படகிலேயே இருக்கிறான். இறங்க வெட்கமாம்.'

றிப்கா யன்னல் வழியே பார்த்தாள். கேற்றருகே நின்ற வேனுக்குள் ஒருவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கெலூமியில் வேனுக்குச் சொல் கிடையாது. றுஸைனா ஒரு படகை வரைந்து, அதற்குக் கீழே சக்கரம் போட்டிருந்தார்.

றிப்கா ஒரு கோப்பைத் தேநீரை எடுத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தாள்.