அவரைக்குப் பக்கத்தில் வெங்காயம்

"யா அல்லா! அவரைக்குப் பக்கத்துல வெங்காயத்தையா நடுறீங்க? யாராச்சும் செய்வாங்களா இதை?"

கட்டிலில் படுத்திருந்த அஜ்மத் பேகம் ஜன்னல் வழியாகக் கத்தினாள். வீட்டின் பின்னால் இருந்த பாலிதீன் கொட்டகைக்குள் குந்தியிருந்த அவள் கணவர் பக்ருதீன், கையில் வெங்காய நாற்றோடு திரும்பிப் பார்த்தார்.

"ஏன், நட்டா என்னா?"

"வெங்காயம் பக்கத்துல இருந்தா அவரை வளராதுங்க. எடுத்துக்கிட்டுப் போய் கேரட்டுக்குப் பக்கத்துல வைங்க. பூச்சி அண்டாது."

"காசிதான் இங்க நடச் சொன்னான்."

"காசியா? அடி அண்ணாமலையில நாத்துப் பண்ணை வெச்சிருக்கிற ஆளு, இப்படியா சொல்லுவான்? புத்தி கெட்டுப் போச்சா அவனுக்கு?"

பக்ருதீனுக்குத் தேரடித் தெருவில் பூட்டுக் கடை. பூட்டைப் பற்றிக் கேட்டால் மனுஷர் ஒரு மணி நேரம் பேசுவார். செடி விஷயத்தில் சுத்த சூனியம். கொட்டகை முழுக்க பேகத்தின் ராஜ்யம். மாடி அறையில் குடியிருந்த ஜெர்மன்காரம்மா, குரங்கு நுழையாதபடி தான் கட்டிய அந்தக் கொட்டகையை, 1979-இல் ஊருக்குப் போனபோது பேகத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். எந்தச் செடிக்கு எது துணை, எது ஆகாது என்ற விவரமெல்லாம் அந்த ஜெர்மன்காரம்மா சொல்லிக்கொடுத்ததுதான்.

அப்படிப்பட்ட பேகம் கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. காலைத் தரையில் வைக்கச் சொன்னாலே, "திரும்ப விழுந்துடுவேங்க, என்னை விட்டுடுங்க" என்று அழுவாள். இந்த மாதத்துக்குள் நடக்கவில்லை என்றால் கால் விறைத்துப் போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் கட்டில்தான் என்று டாக்டர் இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து பக்ருதீன், சமையலறையில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்கைக் கொண்டுபோய்த் தக்காளிக்குப் பக்கத்தில் புதைத்தார்.

பேகம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுக்கு நோவு வந்தா இன்னொண்ணுக்கும் ஒட்டிக்கும்ங்க! இதுவும் காசி சொன்னதா?"

"ஆமா. வேற யாரு?"

"வரட்டும் அவன்! அவங்கிட்ட நாத்தே வாங்காதீங்கன்னு ஊரெல்லாம் சொல்றேனா இல்லையா பாருங்க."

அடுத்த வாரம் தக்காளிக்கு நடுவே இருந்த சாமந்தியைப் பிடுங்கிவிட்டு அங்கே சோம்பு விதைத்தார். "பூச்சிய விரட்டுற சாமந்தியப் பிடுங்கிட்டு, தக்காளிக்கு ஆகாத சோம்பையா போடுறீங்க?" என்று பேகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று திட்டினாள். அவள் நிற்பதைப் பார்த்த பக்ருதீன் பார்க்காதது போலக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தபோது கூடவே காசியும் வந்தான். இருவரும் கொட்டகைக்குள் போனார்கள். தொட்டியில் இருந்த புதினாவை வேரோடு எடுத்துத் தக்காளிப் பாத்தியின் நடுவில் நட்டார் பக்ருதீன்.

"அடப்பாவிங்களா! புதினாவைத் தொட்டிய விட்டு எடுத்துட்டீங்களா? வேர் ஓடி ஒரே மாசத்துல பாத்தியவே முழுங்கிடுமே!"

இருவரும் நிமிரவில்லை. பக்ருதீன் சாவகாசமாக மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பேகம் சுவரைப் பிடித்தாள், நிலையைப் பிடித்தாள், அப்புறம் பிடிக்க ஒன்றுமில்லாத முற்றத்தில் இறங்கினாள். ஒவ்வொரு அடியாக வைத்து வந்து கொட்டகை வாசலில் நின்றாள். எட்டு அடி. குனிந்து புதினாவைப் பிடுங்கினாள்.

"இனிமே என் செடி மேல யாரும் கை வைக்கக் கூடாது! ஏம்பா காசி, நீயெல்லாம் நாத்து விக்கிறவனா? வெக்கமா இல்ல?"

"தப்புதாங்க பாயம்மா." காசி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அவளை அங்கிருந்த முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்ருதீன் காசியைத் தெருக் கதவு வரைக்கும் கூட்டிப் போனார். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அவ நடந்துட்டா காசி. என் பேகம் நடந்துட்டா!" என்றார் மெல்லிய குரலில். "எனக்காக உன் பேரையே கெடுத்துக்கிட்டியேப்பா. இந்த நன்றிய நான் எப்படித் தீப்பேன்?"

"என்னாங்க பாய், பெரிய வார்த்தையெல்லாம். திட்டு ஜாஸ்தியா வாங்கினாலும் பாயம்மா நடந்துட்டாங்களே, அது போதும்." காசியும் குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணுங்க. எனக்குத் தெரிஞ்சு சேராத செடியெல்லாம் தீந்துபோச்சு. நாளைக்கு என்னா தப்பு பண்றதுன்னுதான் புரியலை."

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து பேகத்தின் குரல் கணீரென்று வந்தது.

"என்னாங்க, காசிய நிக்கச் சொல்லுங்க, டீ போட்டுக் குடுங்க! எனக்காக ஒரு நாத்துக்காரன் இத்தனை திட்டு வாங்குறானேன்னுதான் நானும் பயத்த விட்டு எழுந்தேன்; நாளைக்குத் தப்பா நடுறத அந்தக் கோடிப் பாத்தியில நடுங்க, இன்னும் பத்தடி நடந்து பாக்குறேன்!"