மாடு மீட்ட பாட்டன்

"போர்டுல என்ற பாட்டன் கல்லுன்னு எழுதோணுமுங்க மேடம். அப்பத்தான் கையெழுத்து. இல்லீன்னா ஒரு முழ மண்ணு கூடக் குடுக்க மாட்டனுங்க."

தங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். எதிர் வரப்பில் அவருடைய தங்கை சௌந்திரத்தின் கணவர் வேல்முருகன். இருவருக்கும் நடுவே, இரண்டு தோட்டங்களும் சேரும் எல்லையில், மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போன நடுகல். கையில் வில்லோடு ஒரு வீரன், அவன் காலடியில் மூன்று மாடுகள்.

"அது அவரு பாட்டன் இல்லீங்க, என்ற பாட்டன். அவருகிட்டச் சொல்லுங்க மேடம்" என்றார் வேல்முருகன்.

பத்தடி தூரத்தில் நிற்கிற ஆளுக்குச் சேலத்திலிருந்து வந்த அதிகாரி தூது போக வேண்டியிருந்தது. தொல்லியல் துறை ஜெர்லினுக்குத் தலை வலித்தது. ஜேடர்பாளையம் டேமுக்கு வந்து மீன் வறுவல் சாப்பிட்டுப் போகிறவர்கள் இந்தக் கல்லையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அரசு பணம் ஒதுக்கியிருந்தது. கல்லுக்கு ஒரு கூரை, நடக்க ஒரு பாதை, வரலாறு சொல்லும் பலகை. பாதைக்கு ஆளுக்கு மூன்று சென்ட் நிலம் வேண்டும்.

"ரெண்டு பேர் கையெழுத்தும் சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா பணம் வேற ஊருக்குப் போயிடும் ஐயா."

"போகட்டுமுங்க. களவு போன மாட்டை மீட்டுட்டு வந்து செத்த மனுசன். அவரு பேரை உட்டுக் குடுப்பனுங்களா?" என்றார் தங்கசாமி.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய மாட்டுப் பொங்கலில் ஆரம்பித்த வம்பு இது. மாட்டுக்கு நோய்நொடி வரக்கூடாது, களவு போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அன்று ஊர் மாடுகள் எல்லாம் இந்தக் கல்லைச் சுற்றிவரும். பாட்டனுக்கு உரியவர் வீட்டு மாடுதான் முதலில் போக வேண்டும். அந்த வருஷம் இரண்டு வீட்டு மாடுகளும் ஒன்றாக வந்து நின்றன. வாய்ச்சண்டை கைகலப்பாயிற்று. அதற்கப்புறம் அம்மா செத்தபோது வந்த சௌந்திரம் அழுதுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். அதை நினைத்தால் தங்கசாமிக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனாலும் பாட்டனை விட முடியுமா?

"ஏனுங்க மேடம், கல்லுலயே எழுதியிருக்குதுங்களே. அதைப் படிச்சுச் சொல்லுங்க. எந்த வம்சம்னு தெரிஞ்சு போவுமுல்ல?" என்றார் தங்கசாமியே.

"படிக்கட்டுமுங்க. எனக்கென்ன பயம்?" என்றார் வேல்முருகன்.

ஜெர்லின் கல்லைக் கழுவினாள். தலைமுறை தலைமுறையாக ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு சுலபத்தில் போகவில்லை. பிறகு ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றினாள். கறுப்புத் தாளில் வட்டெழுத்துகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. இருவரும் அவரவர் வரப்பிலிருந்து இறங்கி, தங்களை அறியாமலே தோளோடு தோள் ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜெர்லின் இரண்டு முறை படித்தாள். முகம் மாறியது.

"ஐயா... இவர் மாட்டை மீட்டவர் இல்ல. வேற எங்கிருந்தோ இந்த ஊர் மாட்டை ஓட்டிட்டுப் போக வந்தவர். ஊர்க்காரங்க மறிச்சிருக்காங்க. தனி ஆளா நின்னு சண்டை போட்டு இங்கேயே விழுந்திருக்கார். அந்த வீரத்துக்காக, கொன்னவங்களே அவருக்குக் கல்லு நட்டிருக்காங்க."

மாடு களவு போகக்கூடாது என்று வருஷா வருஷம் இவனிடமா வேண்டிக்கொண்டோம்? தங்கசாமி வீரன் காலடியில் இருந்த மூன்று மாடுகளையும் பார்த்தார். மாடு திருட வந்தவனுக்கே கல் நட்ட ஊரில் பிறந்துவிட்டு, கூடப் பிறந்தவளைப் பதினோரு வருஷம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

"எந்த வம்சம்னு இதுல இல்லை. பலகையில யார் பாட்டன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள் ஜெர்லின்.

வேல்முருகன் கல்லை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"மச்சான், நீங்க பெரியவங்க. உங்க பாட்டன்னே எழுதட்டுமுங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க."

"அதெப்படிங்க மாப்பிள்ள? இத்தன வருசமா உங்க பாட்டன்னு நீங்க சொன்னதுதானுங்க சரி" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார் தங்கசாமி. "எதுக்கும் சௌந்திரத்தைக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்."