பத்துக்கு எத்தனை?

"கதை வேணாம் பெரியவரே. ஒண்ணுலருந்து பத்துக்குள்ள, வலி எத்தனை? நம்பர் மட்டும் சொல்லுங்க."

டாக்டர் சூரியபிரகாஷ் பேனாவோடு காத்திருந்தார். கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம்.

வலியை வார்த்தையில் கேட்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இளசுகள் கொசு கடித்தாலும் உயிர் போகிறது என்கின்றன. நடுவயதுக்காரர்கள் வண்டி ரிப்பேர் மாதிரி விவரிக்கிறார்கள். வயசாளிகளோ கால் முறிந்தாலும் 'லேசா ஒரு மாதிரி இருக்கு' என்பதோடு சரி. ஆகவே எண். அதற்கு 'சூரியபிரகாஷ் ஸ்கேல்' என்று அவரே பெயரும் வைத்து, காலையில் துவக்க உரையில் நாற்பது நிமிடம் விளக்கியிருந்தார், ஆங்கிலத்தில். ஊரே கைதட்டியது.

தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வாசலில் நின்றது ஒரே ஒரு வேன். அதில் யார் ஏறுவது என்பதை ஸ்கேல்தான் முடிவு செய்யும்.

சற்றுமுன் கல்லூரி மாணவி சினேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, பத்துக்குப் பதினைந்து என்றாள். டாக்டர் பெரியமனது வைத்துப் பத்தாகக் குறைத்தார். முதுகில் கிளட்ச் வயர் அறுந்தாற்போல் இருக்கிறது என்று ஆரம்பித்த டிரைவர் தங்கப்பாண்டியை அதட்டி ஆறு வாங்கினார்.

இப்போது ஞானதுரை. நெஞ்சில் என்னமோ பிசைகிறது என்று தொடங்கியவரைத்தான் மடக்கியிருந்தார்.

பெரியவர் யோசித்தார். விருந்தினர்களுக்காக மேசையில் வைத்திருந்த திராட்சைத் தட்டுக்கு அவர் கை தானாகப் போனது. பருத்த பழம் ஒரு பக்கம், நசுங்கியது ஒரு பக்கம் என ஒதுக்கியது. ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"ஒண்ணுங்கய்யா" என்றார், தீர்மானமாக.

டாக்டர் வீடியோ எடுப்பவர் பக்கம் திரும்பினார். வார்த்தையில் நெஞ்சுவலி, எண்ணில் வெறும் ஒன்று, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாய்வு என்று எழுதி, கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். வேன் சினேகாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

அரைமணி கழித்து மாத்திரை கொடுக்க ஞானதுரையின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறைக்கும் எழுந்து வராததால் நர்ஸ் எஸ்தர் போய்த் தோளைத் தொட்டாள். தலை அப்படியே சரிந்தது.

டாக்டர் ஓடினார். தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார். வெகுநேரம் அமுக்கினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்த ஞானதுரையின் மனைவி ரோசம்மாள் அங்கனயே உட்கார்ந்தாள். காலையிலிருந்து பிசையுது பிசையுது என்று சொன்னாரே, கேட்கவில்லையா என்றாள்.

"கேட்டேன்மா. ஒண்ணுன்னுதான் சொன்னாரு." என்றார் டாக்டர்.

ரோசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாப்பது வருசமா திராட்சைக்குத் தரம் பிரிச்சவுக சார் அவுக. ஒண்ணாம் நம்பருக்கு மேல அவுகளுக்கு எதுவுமே கெடையாது. பத்துன்னா, கழிச்சு மாட்டுக்குப் போடுறது."