கோல் போட்டால் கோபம்

"கோல்!"

மேற்கு கேலரி மொத்தமும் எழுந்து குதித்தது. ஒரே ஒருவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "படுபாவி, இப்படிப் பண்ணிட்டானே!" என்று பல்லைக் கடித்தார். அவர் போட்டிருந்தது நம் அணியின் நீலச் சட்டை. கோல் போட்டதும் நம் அணிதான்.

பக்கத்து நாற்காலி மருந்துக்கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. லீக் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் வெறும் பயிற்சி ஆட்டம், புள்ளியும் கிடையாது கோப்பையும் கிடையாது என்று தெரிந்தும், கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு மைத்துனரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் புதிதாக வாங்கிய ஸ்ட்ரைக்கரைப் பார்க்கத்தான். ரசிகர்கள் செல்லமாக 'ஒட்டகம்' என்று கூப்பிடும் அந்த நெட்டையன், வந்ததும் வராததுமாகக் கோல் போட்டு, மண்டியிட்டபடியே மூலைக்கொடி வரை சறுக்கிக்கொண்டு போய்க் கை விரித்து நின்றான். அதைப் பார்த்தா இந்த ஆளுக்கு வயிறு எரிகிறது?

"மாப்ளே, இவன் எதிர் டீம் ஆளு. வேஷம் போட்டுட்டு நம்ம நடுவுல வந்து உக்காந்திருக்கான்" என்று மைத்துனரின் காதைக் கடித்தார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மைத்துனர் எதற்கும் அவசரப்படாதவர். "இருங்க மாமா. கொஞ்சம் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

பார்த்தார்கள். நம் ஆள் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தான். கேலரி கைதட்டியது, அவர் "ஐயோ" என்று கண்ணை மூடிக்கொண்டார். எதிரணிக்காரன் அதே போல் சறுக்கியபோதும் அதே ஐயோ. பந்து ஆகாயத்தில் பறக்கும்போது மட்டும் மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இவர் எந்த டீம்தான் மாமா?" என்று மைத்துனரே குழம்பிப்போனார்.

அடுத்த நிமிஷம் நம் கேப்டனும் எதிரணிக்காரன் ஒருவனும் மோதிக்கொண்டு பொத்தென்று விழுந்தார்கள். அவர் பதறி எழுந்தார். கேப்டன் உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டார், இவர் இன்னும் அந்த விழுந்த இடத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார், நம்ம டீம் ஜெயிச்சா உங்களுக்கு ஆகாதா?"

"ஐயோ, நல்லா ஜெயிக்கட்டும் சார்! நானும் சின்ன வயசுலேருந்து இந்த டீம்தான்." தோளில் கிடந்த துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாரத்துல லீக் ஆரம்பிக்குது. முதல் மேட்ச் இங்கதான். அதுக்குள்ள எசகுபிசகா ஏதாவது ஆச்சுன்னா உன் வேலை போச்சுன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். வீட்ல இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

கோபமெல்லாம் மருந்துக்கடைக்காரருக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது. "கிளப்புலயா வேலை? அப்ப கீழ பெஞ்ச்ல உக்காரலாமே?"

"போன வருஷம் கீழதான் இருந்தேன். கத்தினேன்னு ரெஃப்ரீ வெளிய அனுப்பிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான். எங்க அடி பலம்னு மேலேருந்து பாத்தாத்தான் சரியா தெரியும்."

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாராவது விழுந்தால் பதறுகிறார், மோதினால் துடிக்கிறார், அடி எங்கே என்று பார்க்கிறார். மருந்து வாசனையிலேயே காலம் தள்ளும் தனக்கு இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?

"டீம் டாக்டர், மாப்ளே!" என்று கிசுகிசுத்தார். "நம்ம லைன் ஆளு. அதான் எனக்குப் பாத்ததுமே ஒரு மரியாதை வந்துச்சு."

"பாத்ததும் வேஷக்காரன்னீங்க மாமா."

"அதை விடு."

அதன் பிறகு உபசாரம் தூள் பறந்தது. வெயில் படாத நாற்காலியை மாற்றிக் கொடுத்தார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மைத்துனருக்கும் ஆசை வந்துவிட்டது. "டாக்டர், பாடம் சொல்லிக் குடுக்கறப்ப கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு இடது முட்டி..."

"முட்டியைப் பத்தி மட்டும் இன்னிக்கு என்கிட்ட பேசாதீங்க!" என்று சீறினார் அவர், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. மைத்துனர் தன் முட்டியைத் தானே தடவிக்கொண்டார். பெரிய டாக்டர்கள் என்றாலே முன்கோபம்தான்.

கடைசி நிமிஷத்தில் ஒட்டகம் இன்னொரு கோல் போட்டான். மறுபடியும் மண்டியிட்டுச் சறுக்கல், இந்த முறை அவன் மேல் பாதி அணியே வந்து விழுந்தது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"விடுங்க டாக்டர், எல்லாரும் எழுந்துட்டாங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார் மருந்துக்கடைக்காரர். "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஜெயிச்சாச்சு. உங்க வேலைக்கு இனிமே பயமே இல்லை."

அவர் மெல்லத் துண்டை விலக்கினார். மைதானம் முழுவதையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். முதல் முறையாகச் சிரிப்பு போல ஏதோ எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து மைக் கரகரத்தது. "ரசிகர்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி! எல்லாரும் மைதானத்துக்குள்ள இறங்கி வந்து வீரர்களோட போட்டோ எடுத்துக்கலாம்!"

கேட் திறந்தது. கேலரி அப்படியே சரிந்து இறங்கியது. அவர் "ஐயையோ!" என்று அலறி, நாற்காலிகளைத் தாண்டித் தாண்டி எல்லாருக்கும் முன்னால் பறந்தார்.

"யாருக்கோ அடி பட்டிருக்கு! வழி விடுங்க, டாக்டர் போறார்!" என்று மருந்துக்கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். கூட்டம் பயபக்தியோடு இரண்டாகப் பிளந்து வழி விட்டது.

கேட்டை அடைந்தவர் சட்டென்று திரும்பினார். கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, அழாத குறையாகக் கதறினார்:

"செருப்பையாவது கழட்டிட்டு வாங்கய்யா! நான் போட்ட புல்லு இப்பத்தான் வேர் புடிக்குது!"