செம்மறிகளின் சாசனம்

பட்டியை உடைத்துச் சுதந்திரம் வாங்கிய செம்மறிகளுக்கு அரசியல் சாசனம் எழுதும் பொறுப்பு சுருட்டைக்கொம்பு என்ற கிடாவுக்கு வந்தது. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் ஒரு வரிகூட ஓடவில்லை. கடைசியில் பக்கத்து நாட்டு எருமைகளின் சாசனத்தை வாங்கி, 'எருமை' என்றிருந்த இடத்திலெல்லாம் 'செம்மறி' என்று போட்டது. முடித்ததும் தன் எழுத்துநடையில் தானே மயங்கியது.

"படிச்சுக் காட்டேம்பா," என்றது ஒரு பெட்டையாடு.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கும், அக்கா," என்றது சுருட்டைக்கொம்பு.

முன்வரிசை ஆடு "மே" என்றது. உடனே முந்நூறு ஆடுகளும் "மே" என்றன. சாசனம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள், முதல் விதிப்படி, எல்லா ஆடுகளும் சேற்றில் இறங்கிப் படுத்தன. ரோமம் ஊறிக் கனத்ததில் ஒன்றாலும் எழ முடியவில்லை.

"எழுதின மகராசன் எங்கேப்பா?" என்றது பெட்டையாடு.

"இங்கேதான் அக்கா," என்றது மூக்குவரை புதைந்திருந்த சுருட்டைக்கொம்பு. "பயப்படாதீங்க, திருத்திடலாம். எருமைங்க எப்படித் திருத்துச்சுன்னு யாராவது போய்ப் பார்த்துட்டு வாங்க."