கைவிட்டவர் பாசி எடுக்க வேண்டும்

எங்கள் லாஹாஸ் ஊர்க் கரையோரக் கடல் முழுக்கப் பழுப்புப் பாசி அழுகிக் கிடக்கிறது. கூமுட்டை நாற்றம். நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீயோடு அலையில் எகிறி, பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று உருண்டு எழப் பழகுகிறேன். தலைகீழாகும் நொடியில் கைப்பிடியை விட்டுவிடுகிறேன். இது ஏழாவது முறை. வாய் நிறையப் பாசிநீர், பல்லிடுக்கில் ஏதோ நெளிகிறது, த்தூ! ஆளுக்கொரு வண்டியோடு பழகும் எனக்கும் கொழுந்தியாள் நெரெய்டாவுக்கும் ஒரு வழக்கம்: கைவிட்டவர்தான் இரண்டு வண்டிகளின் அடியிலும் தண்ணீர் உறிஞ்சும் துளையின் கம்பித் தடுப்பில் சிக்கிய பாசியை வெறுங்கையால் பிடுங்க வேண்டும். வழவழவென்று, செத்த இறாலோடு சேர்ந்து வருகிறது. "நகத்துக்குள்ள போனதையும் எடுங்க அத்தான், மத்தியானம் அந்தக் கையாலதானே எங்களுக்கு வாழைக்காய் இடிச்சுத் தரப்போறீங்க!" நெரெய்டா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "எப்படின்னு இப்பப் பாருங்க" என்று அவளே அலையில் ஏறுகிறாள். வண்டி கவிழ்கிறது, அதன் வெள்ளை அடிவயிறு வெயிலில் மின்னுகிறது, அவள் கை நழுவுகிறது. பாசிக்குள்ளிருந்து எழும் முகத்தில் சிரிப்பில்லை. காறித் துப்புகிறாள். "சரி, கொண்டாங்க உங்க வண்டிய." இப்போதுதான் சுத்தம் செய்த வண்டி. கொண்டுபோகிறேன், நேராக அல்ல, பாசி மிகத் தடித்து மிதக்கும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு.