உருகாத பூ

பூவை அரைக்கும்போது வாசனை வரக்கூடாது. ஆய்வகத்தில் மரகதவல்லி முதலில் கற்றது அதைத்தான். திரவ நைட்ரஜனின் குளிரில் கல்லாக உறைந்திருக்கும்வரை எந்தப் பூவுக்கும் மணமில்லை. மணம் எழுந்தால் அது உருகத் தொடங்கிவிட்டது, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. சிதைகிறது என்று அர்த்தம். அதனால் எத்தனையோ செடிகளை அரைத்தும் ஒன்றின் வாசனைகூட அவளுக்குத் தெரியாது.

இன்று அவளுடைய பீங்கான் உரலில் கிடந்தது, புயலில் சாய்ந்து விறகாகிப்போன ஒரு மரத்தின் கடைசிப் பூ. அந்த மரத்துக்கு உறவென்று உலகில் வேறெங்காவது ஒன்று நிற்கிறதா என்பதை இந்தப் பூதான் சொல்ல வேண்டும். அதைக் கொண்டுவந்த சவரிமுத்து கதவோரம் நின்றார். அந்த மரத்தடியிலேயே குடியிருந்தவர்.

குழவி சுற்றியது. வெண்புகை மேசையிலிருந்து வழிந்து இருவர் கால்களையும் மறைத்தது. தரை எங்கோ கீழே போய்விட்டதுபோல் இருந்தது.

“அந்த வாசனை எனக்கு மறந்துக்கிட்டே வருதும்மா,” என்றார் சவரிமுத்து. “பூவோட நெறம்கூட ஞாபகமிருக்கு. இது மட்டும் நழுவிப் போகுது.”

“வாசனை வந்துட்டா அப்புறம் சோதனைக்கு ஒண்ணும் மிஞ்சாதுங்க.”

“தெரியும்மா. நீங்க அரைங்க.”

புகை அடங்கியது. உரலின் விளிம்பில் படிந்திருந்த உறைபனி மெல்ல ஈரமானது. மறுபடியும் நைட்ரஜனை ஊற்ற வேண்டிய நேரம். மரகதவல்லி குடுவையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. சவரிமுத்து எப்போதோ கண்களை மூடியிருந்தார். நைட்ரஜனை ஊற்றாமலே அவளும் கண்களை மூடிக்கொண்டாள்.